நாற்பத்தோராம் நாள் உறை

அன்று மடைப்பள்ளியில் இருந்தவர்கள் மூவர். மடத்தின் தலைவர் குழைக்காதர், வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் குற்றாலிங்கம். வயது அறுபத்தொன்று, ஓய்வுபெற்ற நில அளவர். சமையல் பார்க்கும் உலகம்மாள். மற்றவர்கள் முன்கூடத்தில் பந்திக்குக் காத்திருந்தார்கள். தாங்களும் உடனிருந்ததாகப் பின்னாளில் அவர்கள் சொல்வதை நம்பவேண்டியதில்லை.

குற்றாலிங்கம் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து குருவின் முன் வைத்தார். உள்ளே தொண்ணூறு உறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேதி. ஒவ்வொன்றினுள்ளும் முப்பது டாலர்.

தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ். மூன்று மாதப் பயணம். முன்பு இருமுறை பயணச்சீட்டு எடுத்து, இருமுறையும் திருப்பிக் கொடுத்தவர். இம்முறை மாலை நான்கு மணிக்குள் சீட்டுக்குப் பணம் கட்டவேண்டும்.

"கட்டுவதா, விடுவதா? நீங்கள் சொல்லுங்கள், சாமி."

"தடை என்ன?"

"நாற்பத்தோராம் நாள். உறையில் இருப்பது முப்பது. அன்று எல்லையில் விசாவுக்கே நாற்பது. துண்டு விழுகிறது."

"வேறொரு நாளிலிருந்து எடுங்கள்."

"எடுத்துப் பார்த்தேன். எடுத்த நாளில் துண்டு விழுகிறது. ஒரு சென்ட் நிலம் குறைந்தாலும் வரைபடத்தில் கையெழுத்துப் போடாதவன் நான்."

உலகம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அதான் அண்ணாச்சி இன்னும் தென்காசியத் தாண்டல."

குழைக்காதர் அவள் பக்கம் திரும்பினார்.

"உலகம்மா, வருகிற பதினான்காம் தேதி மதியம் எத்தனை ஆழாக்கு அரிசி போடுவாய்?"

"இன்னைக்கே எப்படிச் சொல்ல? மொதல்ல உலை வைப்பேன். தண்ணி கொதிக்கையில வாசலுக்குப் போய்ச் செருப்ப எண்ணுவேன். சோடிக்கு ஓர் ஆழாக்கு."

"எண்ணிக்கை தப்புவதில்லையா?" என்றார் குற்றாலிங்கம்.

"தப்பாம? போன வாரம் ஒத்தச் செருப்பு ஒண்ணு கிடந்துச்சு. காலொடிஞ்ச மனுசன், பாவம், கொஞ்சமாத்தான் திம்பாருன்னு அரை ஆழாக்கு போட்டேன். அவரு மூணு ஆள் சோத்தத் தின்னுட்டு, மோர் இல்லையான்னு கேட்டாரு."

"அன்று நீ என்ன செய்தாய்?" என்றார் குழைக்காதர்.

"கஞ்சி குடிச்சேன். மறுநாள் நாலே பேருதான் வந்தாக. சரியாப் போச்சு."

"மாதம் முழுவதற்கும் ஒரே மூட்டைதானே?"

"ஒண்ணுதான். காலையில கைய விட்டுப் பார்ப்பேன். பாதி மாசத்துலயே முழங்கை வரைக்கும் விட்டாத்தான் அரிசி தட்டுதுன்னா ரெண்டு நாளைக்கு எல்லாருக்கும் கஞ்சி. சாமிக்கும் கஞ்சிதான்."

குழைக்காதர் தலையசைத்தார். "குடித்திருக்கிறேன்."

குற்றாலிங்கம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் நாளொன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கே வேண்டாமா, சாமி?"

"வேண்டும். முப்பது உங்கள் ஆழாக்கு, அதை விடாதீர்கள். தேதிகளை அழித்துவிடுங்கள்."

குற்றாலிங்கம் முதல் உறையைப் பிரித்தார், பிறகு அடுத்ததை. தோள்துண்டை விரித்து, நோட்டுகளை அதில் அடுக்கினார். நாற்பது உறைகள் வரை கை நிற்கவில்லை. நாற்பத்தோராவது உறையில் நின்றது.

"சாமி, அந்த எல்லையில் நான் தவித்து நின்றால்?"

குழைக்காதர் அந்த உறையை அவர் கையிலிருந்து வாங்கினார். நோட்டுகளை எடுத்துத் துண்டில் வைத்தார். வெற்று உறையை அடுப்பில் இட்டார்.

"அங்கே நிற்கப்போகிறவர் நாற்பது நாள் அந்நிய ஊர்களில் சோறு வாங்கித் தின்றவர். எங்கே குறைக்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று அறிந்தவர். அவர் பார்த்துக்கொள்வார். அவரை ஏன் இங்கேயே பிடித்து உட்காரவைத்திருக்கிறீர்கள்?"

உலை கொதித்தது. உலகம்மாள் வாசலுக்குப் போய் எண்ணிவிட்டு வந்து, முறத்தில் அரிசியை அளந்தாள்.

மிச்ச உறைகளும் பிரிந்தன. குற்றாலிங்கம் பணத்தை ஒரே முடிச்சாகக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, சாப்பாட்டுக்கு இருப்பீகள்லா? உங்க செருப்பையும் சேத்துல்ல எண்ணியிருக்கேன்."

குற்றாலிங்கம் குருவை வணங்கினார். வாசலுக்குப் போய்த் தம் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.