நாலாவது ஜன்னல்

பூ ஏலக் கூடத்தில் விலை காட்டும் பெரிய திரை உறைந்து நின்றது. கூடை கூடையாக மல்லிகை வாடிக்கொண்டிருந்தது. மேலாளர் கோதண்டபாணி, தற்காலிக வேலையில் இருந்த மரியபுஷ்பத்தின் மேல் பாய்ந்தார்.

"நீ எழுதின கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்தான் திரையைப் பூட்டுது. வேலையை விட்டுப் போ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினியில் திறந்திருந்த நாலு ஜன்னல்களில், மூன்றில் ஓடியவைதான் அவள் எழுதிய ஸ்கிரிப்ட்கள். நாலாவதில் ஓடியது மேலாளரே எழுதியது, அதை யாரும் தொடக்கூடாது என்பது அவர் உத்தரவு.

"சரிங்க சார். திரையைப் பூட்டினவங்க வேலையை விட்டுப் போகணும்னு மைக்கில ஒருதரம் சொல்லிடுங்க."

பூ கொண்டுவந்திருந்த விவசாயிகள் கேட்க, அவர் மைக்கில் கம்பீரமாக அப்படியே சொன்னார்.

அவள் தன் மூன்று ஜன்னல்களையும் மூடினாள். திரை அசையவில்லை. நாலாவதை மூடினாள். விலைகள் கடகடவென்று ஓடின. தன் ஸ்கிரிப்டில் திரையைப் பூட்ட எழுதிய மேலாளர், அதைத் திறக்க எழுதவேயில்லை.

கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது. மரியபுஷ்பம் அவருடைய சாப்பாட்டுப் பையை எடுத்து நீட்டினாள்.

"பதினொண்ணேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு, சார்."