மை காணாத காவியம்

பிறர் தம்மைப் புகழவேண்டும் என்று அரசர்களுக்கு ஆசை. தம் கவிதையைப் புகழவேண்டும் என்றால் பேராசை. மாந்துறைக் கோட்டை அரசர் விசயகண்டரும் அப்படித்தான். தம் கையாலேயே எழுத்தாணி பிடித்து ஒரு காவியம் எழுதி, பட்டில் சுற்றி, அரண்மனைச் சுவடிச் சாலைக்கு அனுப்பியிருந்தார். அன்றுமுதல் சபையில் அதைப் புகழாத வாய் இல்லை.

எல்லாரையும்விட உரக்கப் புகழ்ந்தவர் ஆஸ்தானப் புலவர் அழகுமுத்தர். ஒருநாள் அவர் எழுந்தார்.

"அரசே, சுவடிச் சாலையில் பழைய ஏடுகள் குவிந்து கிடக்கின்றன. மாட்டு வைத்தியம், மழைக்குறி, ஏரி மடை கட்டும் கணக்கு. யார் படிக்கிறார்கள் அவற்றை? ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டால், அந்த இடத்தில் தங்கள் காவியத்துக்குப் பல படிகள் எடுத்து வைக்கலாம்."

அரசருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சுவடி காப்பவரான கூத்தபிரானைப் பார்த்தார். "கேட்டீரா? படிக்கப்படாத ஏடெல்லாம் ஆற்றுக்குப் போகட்டும்."

கூத்தபிரானுக்கு அந்த ஏடுகளின் அருமை தெரியும். கன்று ஈன முடியாமல் பசு தவித்தால் ஊர்க்காரர்கள் ஓடிவருவது அந்த மாட்டு வைத்திய ஏட்டைத் தேடித்தான். அது ஆற்றோடு போனால் திரும்பாது. ஆனால் அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"உத்தரவு அரசே. இதில் எந்த ஏட்டுக்காவது விலக்கு உண்டா?"

"எதற்கும் இல்லை."

கூத்தபிரான் போனார். ஒரே ஒரு கட்டோடு திரும்பி வந்தார். பட்டு உறை பளபளத்தது.

"முதலில் இதை ஆற்றில் விட்டுவிடலாம்."

அரசரின் காவியம் அது.

"உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" என்றார் அழகுமுத்தர். "நானே மூன்று முறை படித்து உருகியிருக்கிறேன்."

"அப்படியானால் என் பிழைதான், புலவரே. உருக வைத்த பாட்டு ஒன்றை வாசியுங்கள், கேட்கிறோம்."

புலவர் கட்டைப் பிரித்தார். ஓர் ஏட்டை எடுத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், சாளரத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். வெறும் ஓலையில் பூனை நகம் பட்டதுபோலக் கீறல். அவ்வளவுதான்.

"என்ன ஆயிற்று?" என்றார் அரசர்.

"கண்ணில் ஏதோ தூசி..."

"தூசி இல்லை, அரசே," என்றார் கூத்தபிரான் பணிவாக. "எழுத்தாணியால் கீறிய ஓலையில் கோவையிலைச் சாறும் விளக்குக் கரியும் குழைத்துத் தடவினால்தான் எழுத்து தெரியும். நம் சாலையில், முதலில் ஒருவர் வந்து கேட்டபிறகே மை தடவுவது வழக்கம். மாட்டு வைத்திய ஏடு பலர் கைபட்டுக் கறுத்தே போய்விட்டது. இதற்கு மட்டும் போன சித்திரையிலிருந்து மை குழைத்து வைத்துக் காத்திருக்கிறேன்."

சபையில் எல்லாரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள்.

அரசர் அந்த ஓலையை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, "பழைய ஏடுகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்," என்றார். "அழகுமுத்தரே, இன்றே மை தடவச் சொல்லும். நாளைமுதல் முழுக் காவியத்தையும் சபையில் நீர்தான் வாசிக்கிறீர்."

புலவர் முகம் வெளுத்தது. அரசர் தம் கைக் காப்பைக் கழற்றிக் கூத்தபிரானிடம் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது போகட்டும். சாவி உம் கையில்தானே இருக்கிறது? நீராவது எடுத்துப் படித்திருக்கக் கூடாதா?"

"ஆசைதான், அரசே. ஆனால் சாலையைக் காப்பவனே வரிசையில் முந்திக்கொள்ளலாமா? எனக்கு முன்னால் யாராவது ஒருவர் வரட்டும் என்று இருந்தேன்."

அரசர் சிரித்த சிரிப்பு கோட்டை வாசல்வரை கேட்டதாம்.