தரையைத் தொடாத டயர்

"விலை ஏற ஏற வீடு காலியாகுத மாதிரி இருக்கு, தாயி" என்றார் பெர்க்மான்ஸ்.

அமலோற்பவம் ஒரு சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பெர்க்மான்ஸுக்கு ஐம்பத்துமூன்று வயது. தனிக்கட்டை. பையன்கள் ஓட்டும் குட்டையான பிஎம்எக்ஸ் சைக்கிள்கள், பழையவை, இருபத்தொன்று சேர்த்து வைத்திருந்தார். தூத்துக்குடி உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று அவற்றுக்கு ஏசி அறை. அவர் படுப்பது ஃபேனுக்குக் கீழே. பார்க்க வருகிறவர்களைக் கையுறை மாட்டச் சொல்லித்தான் உள்ளே விடுவார். அதனால் யாரும் இரண்டாம் முறை வருவதில்லை.

ரிப்பேர் வேலை பழக இரண்டு வருடமாக அமலோற்பவத்தின் சைக்கிள் கடைக்கு நடந்து வருகிறார். அவரைவிட அவள் பத்து வயது இளையவள். ஆனால் கடைக்குள் அவள் வைத்ததுதான் சட்டம்.

"சிவப்பு சைக்கிள நாலு லட்சத்துக்குக் கேக்கான் பெங்களூர்க்காரன். போன வருசம் ரெண்டுன்னான்."

"சந்தோசம்தான?"

"அதச் சொல்ல வீட்டுல ஆளில்ல. செவுத்துட்டதான் சொன்னேன்."

"நாளைக்கு அதக் கொண்டாங்க, அண்ணாச்சி."

மறுநாள் சைக்கிள் போர்வை சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியது. புது டயரில் மெல்லிசாக ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவற்றில் ஒன்றுகூட உதிரவில்லை. சேகரிப்பவர்கள் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

"ஏன், ஓட்டிட்டு வரலாம்லா?"

"முடி உதிர்ந்துரும். விலை பாதியாயிரும்."

அவள் தன் சொந்தச் சைக்கிளைக் காட்டினாள். ஹாண்டில்பாரில் தூக்குவாளியை மாட்டினாள்.

"அப்ப இதுல போயி டீ வாங்கிட்டு வாங்க."

பெர்க்மான்ஸ் அந்தச் சைக்கிளைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டே போனார். உருட்டிக்கொண்டே திரும்பினார்.

அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

அவரே சொன்னார். "எனக்கு ஓட்டத் தெரியாது, தாயி."

"இருபத்தொரு சைக்கிளு இருக்கு."

"ஒண்ணுலயும் ஏறுனதில்ல. இந்தச் சிவப்பு, அப்பா சிங்கப்பூர்லருந்து அனுப்புனது. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. கிறிஸ்மஸுக்கு வாரேன், நாந்தான் சீட்டப் பிடிச்சுப் பழக்குவேன், அதுவரைக்கும் ஏறாதன்னு கடுதாசி போட்டாரு. கப்பல் வந்துச்சு. அவரு வரல."

"அப்புறம்?"

"ஏறல."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் நின்றார்.

அமலோற்பவம் சிவப்புச் சைக்கிளின் பழைய டியூபை மாற்றினாள். காற்றடித்தாள். அதைத் தெருவில் நிறுத்தி, சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க."

"நாலு லட்சம், தாயி."

"அவன் எதுக்கு அவ்வளவு தாரான்?"

"இதுல யாரும் ஏறுனதே..."

பெர்க்மான்ஸ் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஏறினார்.

முழங்கால் மார்பில் இடித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். சைக்கிள் சாக்கடைப் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. பின்னாலேயே அவளுடைய ரப்பர் செருப்பின் சத்தம் ஓடி வந்தது.

மாதா சிலை வைத்த கெபி வரை போய்க் காலை ஊன்றினார். அவள் இன்னும் சீட்டைப் பிடித்திருந்தாள். அவர் குனிந்து முன் டயரைத் தடவிப் பார்த்தார். நடுவில் ஒரு முடிகூட இல்லை.

"விலை போச்சா, அண்ணாச்சி?" மூச்சு வாங்கக் கேட்டாள்.

"போச்சு" என்றார் பெர்க்மான்ஸ். "கைய எடுத்துராத, தாயி. திரும்பிப் போணும்லா."