ராஜா கேட்ட கண்டங்கத்தரி

முன்னொரு காலத்தில், கத்தரிக்காய் இல்லாமல் சோற்றில் கை வைக்காத ராஜா ஒருவர் இருந்தார். பிறக்கும்போதே தலையில் கிரீடம் வைத்திருக்கும் காய் அது ஒன்றுதானாம். ஆகவே அது அரச குலமாம். அந்த வருஷம் அரண்மனைத் தோட்டத்துக் கத்தரி அத்தனையும் வாடிக் கருகிப் போயிற்று. சமையற்காரி வெள்ளச்சி என்ன செய்வாள்? வேலியோரம் வாடாமல் நின்ற காட்டுச் சுண்டையைப் பறித்துக் குழம்பு வைத்தாள். கத்தரிக்குப் பங்காளிதானே, ஒரு வேளைக்கு ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

ராஜாவுக்கு ஏற்கெனவே தீராத இருமல். முதல் கவளத்திலேயே கசப்பு தாக்கிப் புரையேறியது. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினார்:

"கண்டங்... கத்தரி!"

வெள்ளச்சியின் கரண்டி தரையில் விழுந்தது. கண்டம் என்றால் கழுத்து. கத்தரி என்றால் வெட்டு. அது அவளுக்கும் தெரியும்.

அமைச்சர் சிவக்கொழுந்தார் துள்ளி எழுந்தார். விகடக்காரன் ஆண்டியப்பனைக் கவிழ்க்க இத்தனை நாள் காத்திருந்தவர் அவர்.

"இவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் ஆண்டியப்பன். மன்னர் உண்ட கை காய்வதற்குள் அவனே ஆணையை நிறைவேற்றட்டும். தவறினால் அவன் தலையும் உருளும்!"

ராஜா இருமலில் பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார்.

"உத்தரவு" என்று ஆண்டியப்பன் அரிவாளை எடுத்தான். என் கையால் தின்றவனாயிற்றே என்று வெள்ளச்சி வாய்விட்டு அழுதாள். அவளைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனான்.

"அண்ணே, புள்ளைங்க இருக்குதுண்ணே..."

"அழுவாத தாயி. அடுப்புல தண்ணி வை."

ஒன்றும் விளங்காமல் அடுப்பை ஊதினாள். வேலிப் பக்கம் போனவன் ஒரு கட்டு முள்செடியோடு வந்தான். பாதியைக் கொதிநீரில் போட்டுவிட்டு, மீதியைத் துணியில் சுருட்டிக்கொண்டு சபைக்குள் நுழைந்தான். அவள் கதவு மறைவில் நின்று பார்த்தாள்.

ரத்தம் வழியும் கையைக் கண்டு ராஜாவின் முகம் வெளுத்தது. "அடப்பாவி! வெட்டியே விட்டாயா?"

"வேரோடு வெட்டினேன், மகாராஜா." துணியை விரித்தான். முள்ளுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாய்க் காய்கள். "தாங்கள் கேட்ட கண்டங்கத்தரி. இருமலுக்கு நல்லது. ரத்தம் முள் கீறியதால் வந்தது."

"மோசடி! மன்னர் சொன்னது கழுத்தை வெட்டச் சொல்லி!" என்று சீறினார் சிவக்கொழுந்தார்.

"மன்னர் யார் பேரையும் சொல்லவில்லையே, சுவாமி. சொன்னபோது அவர் பிடித்திருந்தது ஒரே ஒரு கண்டத்தை. எந்தக் கழுத்தை வெட்டச் சொல்கிறீர்கள்?"

சபை மொத்தமும் ராஜாவின் கழுத்தைப் பார்த்தது. சிவக்கொழுந்தாரின் கை தானாகத் தம் கழுத்துக்குப் போனது.

"செடி... செடியைத்தான் கேட்டார்."

வெள்ளச்சி அடுப்பில் கொதித்த கஷாயத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். குடித்த ராஜாவுக்கு நெஞ்சுச் சளி இளகியது.

"என்னப்பா ஆண்டியப்பா, அரச குலத்துக்கு இப்படியும் முள்ளு முள்ளாய் உறவா?"

"எந்த அரண்மனையில்தான் இல்லை, மகாராஜா?" என்று அமைச்சரை ஓரக்கண்ணால் பார்த்தான்.

ராஜா வெடித்துச் சிரித்தார். இம்முறை இருமல் வரவில்லை. தினமும் கண்டங்கத்தரி பறித்துவரும் வேலையை அமைச்சருக்குக் கொடுத்தார். தம் முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பனிடம் வீசினார். அவன் அதை வெள்ளச்சியிடம் நீட்டினான்.

"போட்டுக்க தாயி. கழுத்து இருக்குதான்னு நீயும் தொட்டுப் பாத்த மாதிரி இருக்கும்."