குட்டைக் குழலுக்கு எந்தக் குண்டு

மான் சுட சர்க்கார் லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம். போடி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த தொட்டப்பன், விடிந்தும் விடியாமலும் ஓச்சம்மாவின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஓச்சம்மாவும் ஏலத்தோட்டக்காரிதான். அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அந்த மலையில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களில் அவளுக்கு மேலே ஆள் இல்லை. தொட்டப்பன் அவளிடம் வேட்டை கற்றுக்கொள்ள வந்தபோது ஊர் சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளைத் தாயி என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணே என்றாள்.

அன்று அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கொடுத்த வரக்காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வாசலுக்கும் களத்துக்கும் நடந்தார். பிறகு பையை அவிழ்த்து, களத்துக் கல்லின் மேல் தோட்டாக்களைப் பரப்பினார். மூன்று விதம் இருந்தன.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு கடமானைச் சுட்டிருந்தார். குண்டு பட்டதை அவர் கண்ணால் பார்த்தார். மான் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை. புதருக்குள் சிக்காது என்று ஆசைப்பட்டு வாங்கிய குட்டைக் குழல் ரைபிள் அது. குழல் குட்டை என்றால் குண்டின் வேகம் குறையும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மதுரைக் கடைக்காரர் கனமான குண்டைப் போடு என்றார். பக்கத்து எஸ்டேட் மானேஜர் லேசான குண்டே மேல் என்றார். யார் பேச்சைக் கேட்பது?

"குட்டைக் குழலுக்கு எந்தக் குண்டு தாயி? அதை மட்டும் சொல்லுங்க."

ஓச்சம்மா கல்லின் மேல் கிடந்தவற்றைப் பார்த்தாள்.

"அந்த மான் எங்க அண்ணே?"

"ஓடிருச்சு தாயி."

அவள் உள்ளே போய்த் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, நடக்க ஆரம்பித்தாள். தொட்டப்பன் தோட்டாக்களை அள்ளிப் பையில் போட்டு, ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

மான் நின்ற இடத்தை அவர் காட்டினார். ஓர் இலையில் ரத்தம் காய்ந்திருந்தது. அடுத்த துளி வெகுதூரம் தள்ளி இருந்தது. தொட்டப்பன் பரபரவென்று முன்னால் போய்க் குளம்புத் தடத்தை மிதித்து அழித்தார். அவள் அவரைத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அப்போதும் அவர் வாய் ஓயவில்லை. கனம், வேகம், முனை என்று வழியெல்லாம் குண்டுப் பேச்சுதான். அவள் தரையைப் பார்த்தே நடந்தாள்.

உச்சி வெயிலில் ஓடையருகே அதைக் கண்டார்கள்.

கடமான் உயிரோடு இருந்தது. படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி அவர்களைப் பார்த்தது. எழப் பார்த்தது. பின்னங்கால்கள் எழவில்லை. தண்ணீர் ஓரடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் ஈ மொய்த்தது.

"முடிச்சு விடுங்க அண்ணே."

தொட்டப்பன் பைக்குள் கையை விட்டார்.

"எந்தத் தோட்டா தாயி?"

ஓச்சம்மா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. கையில் அகப்பட்டதைப் போட்டு, கிட்டப் போய், காதுக்குப் பின்னால் சுட்டார். எதைப் போட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மானின் தலை சாய்ந்தது.

அவள் குனிந்து மானைப் புரட்டினாள். நேற்றைய குண்டு விலாவுக்குப் பின்னால் நுழைந்து மறுபக்கம் வெளியேறியிருந்தது. போன துளையும் வந்த துளையும் சுண்டுவிரல் பருமன்தான்.

தொட்டப்பன் மண்டியிட்டுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. இது கெட்டி முனைக் குண்டு, வேகமாகப் போனால்தான் உள்ளே பூ மாதிரி விரிந்து மலரும், குட்டைக் குழலில் அந்த வேகம் கிடைக்காமல் ஊசி மாதிரி போய்விட்டது என்று விளக்கினார். பேசப் பேச நெஞ்சிலிருந்த பாரம் இறங்குவது போலிருந்தது.

"அப்ப குண்டுதானே தாயி தப்பு?"

"குண்டும் தப்புதான். குட்டைக் குழலுக்கு மிருதுவான ஈயமுனை போடுங்க. வேகம் கொறஞ்சாலும் மலரும்."

அவர் பெருமூச்சு விட்டார். இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை பாடு? பையிலிருந்த கெட்டி முனைகளைப் பொறுக்கி ஓடையில் எறியப் போனார்.

"நேத்து எங்க நின்னு சுட்டீங்க அண்ணே?"

அவர் கை நின்றது. பிறகு எதிர்மலைச் சரிவில் இருந்த ஒரு பாறையைக் காட்டினார்.

அவள் அங்கே போகலாம் என்றாள். மானை எடுக்க ஆள் அனுப்பிவிட்டுப் போகலாமே என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தாள்.

பாறைக்கு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் நேற்று உட்கார்ந்த இடத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். மான் நின்ற இடத்தைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தார். அங்கிருந்த பெரிய மரமே கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தது.

"இங்கேயிருந்தா?"

"ஆமா தாயி."

"மான் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"செவப்பா... ஏதோ அசைஞ்சுச்சு. கொம்பு தெரிஞ்சுச்சு."

நேற்றுப் போலவே காற்று மான் நின்ற பக்கத்திலிருந்து அவர்கள் முகத்தில் அடித்தது; ஆள் வாடை மானுக்குப் போயிருக்காது. கீழே மான் நின்ற இடம்வரைக்கும் பாறையும் புதருமாக மறைவு இறங்கிப் போனது. பகல் வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்தது. தொட்டப்பன் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கிட்டப் போயிருக்கலாமே அண்ணே."

"போனா பாத்துரும் தாயி."

"பாத்தா?"

"ஓடிரும்."

ஓச்சம்மா ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடட்டுமே அண்ணே. முழுசா ஓடியிருக்கும்."