டின்னில் இரண்டாவது ஓட்டை

“இழுக்கறதுங்களா, விட்டுடறதுங்களா? அதை மட்டும் சொல்லிடுங்க மேடம்.”

நல்லியண்ணன் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வேர்வை வழிந்தது.

கோகிலவாணி கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

“என்னத்தைங்கண்ணா?”

“ஹேமரு மாட்டிக்கிச்சுங்க. நான் செஞ்ச என்ற பிட்டோட.”

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த வண்டிகளுக்குள் இருக்கும் சாமர்த்தியத்தில் பாதி கோகிலவாணியின் தலையில் உதித்தது என்று ரிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். மெக்கானிக்கல் என்ஜினியர். நாற்பதைத் தொடவில்லை. மாட்டுவண்டி நுழையாத சந்துக்குள்ளும் நுழைந்து கிணறு போடும் குட்டி ரிக் அவர் செய்தது. துளைக் குழாயைத் தானே தூக்கி மாட்டும் இரும்புக் கையும் அவர் செய்ததுதான்.

நல்லியண்ணனும் மெக்கானிக்கல் என்ஜினியர்தான். ஐம்பது வயதுக்குமேல் சிமென்ட் ஆலை வேலையை உதறிவிட்டு கோகிலவாணியிடம் சீடராக வந்து சேர்ந்தவர். நரைத்த மீசையை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று சொந்தக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு மனக்குறை ஒன்றே ஒன்றுதான். குருவிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. திரும்ப ஒரு கேள்விதான் வரும்.

பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டே இப்படிப் பூட்டிவைக்கிறாரே, அறிவில் இத்தனை கஞ்சத்தனம் ஆகுமா என்று பல நாள் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார். ஆனாலும் போகவில்லை. அந்தப் பட்டறையில் புதிதாக ஒன்று உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற போதை அவரை விடவில்லை.

அன்று காலை அவருடைய முறை. அவரே செய்த பிட் முதல்முதலாகப் பூமிக்குள் இறங்கியது.

பிட் என்பது துளைக் குழாயின் கடைசியில், ஹேமருக்கு அடியில் இருக்கும் இரும்புத் தலை. அதில் குமிழ் குமிழாகப் பற்கள் இருக்கும். கம்ப்ரஸர் காற்று குழாய்க்குள் இறங்கி ஹேமரை அடிக்க வைக்கும், பற்கள் கல்லை நொறுக்கும். அதே காற்று கல்தூளை அள்ளிக்கொண்டு குழாயின் வெளிப்பக்கமாக மேலே வரும். ஊரில் உள்ள எல்லா பிட்டும் இப்படித்தான்.

நல்லியண்ணன் பிட்டில் பல் அதிகம். முகத்தில் பல், விளிம்பில் பல், பக்கவாட்டிலும் பல். கொஞ்சம் இடம் கண்டால் போதும், அங்கே ஒரு பல்லை நட்டிருந்தார். பல வருட உழைப்பு. உலகத்திலேயே அந்த ஒன்றுதான் இருந்தது.

“பறந்துச்சுங்க மேடம்,” என்றார். சோகத்தைச் சொல்ல வந்தவருக்கு அந்த வேகத்தை நினைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “கருங்கல்லுங்க. வெண்ணெய்க்குள்ள கத்தி போற மாதிரி போச்சு. குழாய் மாட்ட ஆளுங்களுக்குக் கை ஓயல. அப்புறம் திடீர்னு அப்படியே நின்னுபோச்சு. மேலயும் வரல, கீழயும் போகல, சுத்தவும் இல்ல.”

ரிக் முதலாளி குழந்தைவேலு சாயங்காலம்வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குமேல் நின்றால் அடுத்த ஊரில் காத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வண்டியின் முழுப் பலத்தையும் போட்டு இழுத்துப் பார்ப்பது, இல்லையென்றால் குழாயை அறுத்து விட்டுவிட்டுப் போவது. இழுத்தால் வரலாம், குழாய் அறுந்தும் போகலாம். அறுந்தால் பிட் பூமிக்குள் சமாதி. அந்தக் கிணறும் செத்தது.

கிணறு ஒரு பெண்கள் விடுதிக்கு. தண்ணீர் லாரி வந்தால்தான் அங்கே குளியல்.

“சொல்லுங்க மேடம். இழுக்கறதா, விடறதா?”

கோகிலவாணி யோசித்தார்.

“மேல என்ன வந்துச்சுங்க?”

நல்லியண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கீழே மாட்டிக்கொண்டது என்று தலையில் அடித்துக்கொள்கிறேன், மேலே என்ன வந்தது என்று கேட்கிறாரே. அதை அப்படியே சொல்லியும் விட்டார்.

குரு பதிலுக்காகக் காத்திருந்தார்.

காலை முழுக்க நல்லியண்ணன் கீழே இறங்கும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

கோகிலவாணி கையைத் துடைத்துவிட்டு வந்து பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

“போலாங்கண்ணா.”

விடுதிக்குப் பின்புறம், மலையடிவாரத்தில் ரிக் வண்டி தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாடி முழுக்கப் பெண்கள். காலையில் கைதட்டி வேடிக்கை பார்த்தவர்கள் இப்போது சத்தமில்லாமல் நின்றார்கள்.

ஒவ்வொரு குழாய் இறங்கி முடிந்ததும், அதுவரை வெளியே வந்த கல்தூளை ஒதுக்கி வரிசையாகக் குவியல் வைப்பது ரிக்காரர்கள் வழக்கம். நிறத்தைப் பார்த்து அடியில் என்ன பாறை என்று சொல்வார்கள். கோகிலவாணி ரிக்கைப் பார்க்கவில்லை. நேராக அந்தக் குவியல்களிடம் போனார்.

முதல் குவியல் முழங்கால் உயரம் இருந்தது. அள்ளிப் பார்த்தார். ரவை மாதிரி நறநறத்தது.

போகப்போகக் குவியல் சின்னதானது. கடைசிக் குவியல் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். முகப்பவுடர் மாதிரி இருந்தது. அதிலும் லேசாக ஈரம்.

“இது ஏனுங்கண்ணா இத்தனை சிறுசா இருக்குது?”

“என்ற பிட்டு அவ்வளவு நைஸா அரைச்சிருக்குதுங்க,” என்றார் நல்லியண்ணன். அந்த நிலைமையிலும் அவருக்கு அதில் ஒரு பெருமை.

குரு அந்தக் குவியல் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நல்லியண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் ஆகப்போகிறது, இவர் மாவு சலிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே.

குழந்தைவேலு வந்து கையைப் பிசைந்தார். நல்ல மனுஷன். இனி முடியாதுங்க, இழுத்துடலாம் என்றார். நல்லியண்ணன் தலையை ஆட்டினார். வேறு வழி அவருக்கும் தெரியவில்லை.

முழுப் பலத்தில் இழுக்க வண்டியில் எண்ணெய் போதாது, ஒரு டின் ஊற்ற வேண்டும் என்றான் டிரைவர். சும்மா நிற்க முடியாமல் நல்லியண்ணனே டின்னைத் தூக்கிவந்தார்.

திருப்புளியை டின்னின் ஒரு மூலையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஓட்டை விழுந்தது. எதிர் மூலையில் இன்னொரு தட்டு. டின்னைத் தூக்கி வண்டியின் எண்ணெய்த் தொட்டிக்குள் சாய்த்தார். எண்ணெய் தடங்கலில்லாமல் கயிறு மாதிரி இறங்கியது.

“அந்த ரெண்டாவது ஓட்டை எதுக்குங்கண்ணா?”

குரு பின்னால் வந்து நின்றிருந்தார்.

இதென்ன கேள்வி, மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவனுக்குக்கூடத் தெரியுமே என்று அவருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

“ஒரு பக்கம் காத்து உள்ள போனாத்தானுங்களே, இன்னொரு பக்கம் எண்ணெ வெளிய...”

பாதியில் நின்றுவிட்டார்.

எண்ணெய் நிரம்பி வழிந்து அவர் காலில் கொட்டியது. டிரைவர் கத்தினான். அவருக்குக் கேட்கவில்லை.

அவர் கண்முன் தெரிந்தது அவருடைய பிட். எல்லா பிட்டுக்கும் பக்கவாட்டில் ஆழமான நீளப் பள்ளங்கள், காடிகள், இருக்கும். தூள் ஏறி வரும் வழி அது. பல் நடுவதற்கு இடம் வேண்டுமென்று அந்தக் காடிகளை அவர்தான் நிரப்பினார். அன்றைக்கு அதைத் தன் மூளைக்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்திருந்தார்.

டின்னைக் கீழே வைத்தார்.

“இழுக்காதீங்க. யாரும் லிவரைத் தொடாதீங்க.”

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தூள் முழுசாக வெளியே வரவில்லை, வழி குறுகியதால் மேலே ஏறும் காற்று குறைந்து, வந்த தூளும் பாதி வழியில் இறங்கி ஹேமர் தலைமேலேயே உட்கார்ந்துவிட்டது, அடியில் ஈரம் தட்டியதும் களியாக இறுகிவிட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னார். இழுக்க இழுக்க இன்னும்தான் இறுகும். உள்ளேயிருந்து ஊதியும் பயனில்லை. வெளிப்பக்கமாக இன்னொரு வழி விட வேண்டும்.

குழாய்க்கும் பாறைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

“ஓஸு வேணும். சன்னமான ஓஸு.”

விடுதித் தோட்டத்துக்கென்று, தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் வாங்கிவைத்த கறுப்பு ஓஸ் சுருள் ஒன்று மூலையில் கிடந்தது. குரு துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தச் சுருளைத் தோளில் போட்டு ஓடிவந்தார். குழந்தைவேலு அதன் நுனியில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டினார். கைமாற்றிக் கைமாற்றி இடைவெளிக்குள் விட்டார்கள். ஓஸ் இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் மெத்தென்று இடித்து நின்றது.

“அதான். தூளு ஹேமரு மேலதான் உக்காந்திருக்குது,” என்றார் நல்லியண்ணன்.

தண்ணீரும் சோப்பும் கலந்து விட்டால் நுரை தூளைத் தூக்கிக்கொண்டு வரும் என்றார் குரு. தண்ணீருக்கு எங்கே போவது? மாடியிலிருந்து பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலக் குளியலுக்கு வைத்திருந்த பக்கெட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. சோப்புத்தூள் பாக்கெட்டுகளும் வந்தன.

சோப்புத் தண்ணீரை ஓஸுக்குள் ஊற்றி, கம்ப்ரஸரைக் குறைத்து வைத்து ஓஸுக்குக் காற்றைத் திறந்தார்கள்.

ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. குழந்தைவேலு வானத்தைப் பார்த்தார்.

பிறகு துளைக்குள்ளிருந்து கொப்பளிக்கும் சத்தம் வந்தது. நுரை எட்டிப் பார்த்தது. சாம்பல் நிற நுரை, இட்லி மாவு பொங்கி வழிகிற மாதிரி மெல்ல வழிந்தது. அதன் பின்னாலேயே ஒரு பெரிய ஏப்பத்தோடு மொத்தமும் பீறிட்டுக் கிளம்பியது. ரிக்குக்கு மேலே போய், குழந்தைவேலுவின் வெள்ளைச் சட்டையை நனைத்து, குருவின் தலைமுடியை நரைக்க வைத்து, மாடிவரை தெறித்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள், ஆனால் யாரும் உள்ளே போகவில்லை.

நல்லியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவருக்குக் கையைக் காட்டினார். லேசாகச் சுற்று.

குழாய் முனகியது. கால் சுற்றுச் சுற்றியது. அரைச் சுற்று.

பிறகு சர்ரென்று சுற்றத் தொடங்கியது.

குழந்தைவேலு அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். ஐம்பது தாண்டிய மனிதர் சின்னப் பையன் மாதிரி அந்தரத்தில் காலை உதறிச் சிரித்தார்.

பிட் வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சேறு பூசிக்கொண்டு வந்த அதைத் துடைத்து நல்லியண்ணன் மடியில் வைத்துக்கொண்டார். குழந்தைவேலு பழைய பிட்டை மாட்டி வேலையை ஆரம்பித்தார். இப்போது அவருக்கு அடுத்த ஊர் மறந்துபோயிருந்தது. அடியில் ஈரம் இருக்கிறது, விட்டுவிட்டுப் போக மனசு வருமா?

நல்லியண்ணன் சாக்கட்டியால் பற்களைக் குறித்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் இது வேண்டாம், இதுவும் வேண்டாம். ஆசை ஆசையாக நட்டவை. பிடுங்கப்போவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

குரு வந்து நின்றதும் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டார்.

“பட்டறையிலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத்தனை நேரம் வெந்திருக்க மாட்டேனுங்களே.”

“தெரியாதுங்கண்ணா.”

நல்லியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சேறு பூசிய அந்த முகத்தில் விளையாட்டு இல்லை.

“அப்புறம் எதுக்குங்க, மேல என்ன வந்துச்சுன்னு கேட்டீங்க?”

“தெரியாமத்தான்.”

“அந்த டின்னு?”

“நீங்க ரெண்டாவது ஓட்டை போட்டப்ப என்னமோ மாதிரி இருந்துச்சுங்க. என்னன்னு பிடிபடல. அதான் கேட்டேன்.”

இத்தனை வருடமாக இந்த மனுஷி பூட்டிவைத்திருக்கிறார் என்று நினைத்த பெட்டியை நல்லியண்ணன் மனசுக்குள் ஒருமுறை திறந்து பார்த்தார்.

கோகிலவாணி குனிந்து பிட்டைத் தடவிப் பார்த்தார். விளிம்புப் பற்கள் தேய்ந்திருந்தன. நடுவில் இருந்த ஒரு பல்லில் விரல் நின்றது.

“ஏனுங்கண்ணா, இது ஒண்ணு மட்டும் ஏன் தேயவே இல்ல?”

நல்லியண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் கண்கள் பளிச்சென்றன.

“தெரியலீங்களே மேடம்.”

“எனக்கும் தெரியலைங்க,” என்று ஒரு காலி பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு, குரு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.