பட்டியலில் இல்லாத தாழ்ப்பாள்

செண்பகவல்லி துண்டுப் பலகைகளின் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கும் நேரம். பிஞ்சுக் கைகளில் சிராய் ஏறிவிடக் கூடாது.

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். செங்கோட்டையில் ஒரு மரக்கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் மரவேலை சொல்லிக்கொடுக்கிற குரு செண்பகவல்லிக்கு வயது இருபத்தொன்பது. ஆண்பிள்ளை எதிரே வந்தால் தலை தானாகக் குனிந்துகொள்ளும். சீடர் சிவசைலத்துக்கு அறுபத்திரண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்து மரம் சீவும் இழைப்புளியைத் தள்ளப் பழகினார். ஒரு மாதமாகச் சின்னப் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட்டிருந்தாள்.

அவர் வந்து எதிரில் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"எல்லாம் லேசான வேலையாத்தான் குடுக்கேன். பேனா ஸ்டாண்டு, போட்டோ சட்டம், கிளி பொம்மை. பன்னிரண்டு சாமான், அழகா படம் போட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கேன். பதினாலு பிள்ளைங்க வந்துச்சு, இப்ப அஞ்சு. மனசு ஒட்ட மாட்டேங்கு. ஏன்?"

"அஞ்சு பேரும் செய்யுதாங்களா?"

"நாலு பேரு. ஏழாங்கிளாஸ் கௌசிகா இருக்காளே, அவ சரியான அடங்காப்பிடாரி. பேனா ஸ்டாண்டு வேண்டாம், தாழ்ப்பாள் செய்யணும்ங்கா. பட்டியல்ல இல்லம்மான்னேன். அப்ப பட்டியலை மாத்துங்கங்கா! என் சர்வீஸ்ல ஒரு பிள்ளை இப்படிப் பேசினதில்லை. இனிமே வராதேன்னுட்டேன். இப்ப வாசல்ல உக்காந்துக்கிட்டு, போகவும் மாட்டேங்கா."

செண்பகவல்லி உப்புத்தாளைக் கீழே வைத்தாள். திருப்புளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தாள்.

சிவசைலம் பதிலுக்காகப் பொறுத்துப் பார்த்தார். மதியம் மூன்று தம்ளர் மோர் குடித்தவர். ரொம்பப் பொறுக்க முடியவில்லை. பின்னால் இருந்த கக்கூஸுக்குப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தடவினால், தாழ்ப்பாளைக் காணோம். திருகாணி இருந்த நாலு ஓட்டை மட்டும் அவரைப் பார்த்தது.

காலை நீட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். எட்டவில்லை. வெளியே பிள்ளைகளின் செருப்புச் சத்தம். இருமினார். இன்னும் பலமாக இருமினார். சத்தம் கிட்டே வந்தது.

"எலே, ஆள் இருக்குலே! ஆள் இருக்கு!" என்று உள்ளிருந்து கத்தினார்.

போன காரியம் பாதியில் நின்றுபோனது. வெளியே வந்தபோது சட்டையெல்லாம் வேர்வை. தாழ்ப்பாள் செண்பகவல்லியின் பக்கத்தில் கிடந்தது.

"என்னம்மா இது? வயசான மனுஷனை இப்படியா..."

"கோவிச்சுக்கிடாதீங்க சார்." அவள் தலை நிமிரவில்லை. "வாசல்ல இருக்கிற பிள்ளைகிட்ட, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இப்போது போய்க் கேட்டார்.

"ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூமுக்கு," என்றாள் கௌசிகா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "ஆறு கதவு சார். ஒண்ணுலயும் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய பிடிச்சுக்கிடணும். பிடிக்கிறவ விளையாட்டுக்கு விட்டுருவா. நான் சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன்."

"நான் அங்கதானம்மா வேலை பாத்தேன். அந்தச் சுவத்துல தாமரை வரைஞ்சதே நான்தான்."

"தாமரை நல்லாத்தான் இருக்கு சார். அதுக்குத் தாழ்ப்பாள் தேவையில்ல."

சிவசைலம் உள்ளே போய்ச் சுவரில் இருந்த பட்டியலைப் பிய்த்தார். அதன் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டார். சாண் நீளக் கட்டை, அதில் ஒரு ஓட்டை, நிலைச்சட்டத்தில் இறங்கும் ஒரே ஒரு திருகாணி. கட்டையைப் படுக்கவைத்தால் கதவு அசையாது, நிமிர்த்தினால் திறக்கும்.

கௌசிகா எட்டிப் பார்த்தாள். "இம்புட்டுதானா? தாங்க ரம்பத்தை."

மறுநாள், நின்றுபோன பிள்ளைகள் தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரம்பத்துக்கு அடிதடி. வியாழக்கிழமை காலை, பிரேயர் மணிக்கு முன்னால், கௌசிகாவும் இரண்டு பேரும் போய் ஆறு கதவுக்கும் கட்டையைத் திருகிவிட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பையன்கள் பக்கம் நாலு கதவு இருந்தது. அதற்கு அன்று சாயங்காலமே அறுக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் சிவசைலத்தின் செல்போன் அடித்தது. பேசியவர் தலைமையாசிரியர், பழைய சிநேகிதர். குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"யாரைக் கேட்டுவே நிலையில ஓட்டை போட்டீரு? கவர்மெண்டு சொத்துவே அது! தாழ்ப்பாளுக்கு எழுதிப்போட்டு மூணு வருஷமாச்சு, வரும்போது வரும். நாளைக்கு அந்தக் கட்டை எல்லாத்தையும் பிடுங்கியிருக்கணும். இல்லேன்னா அந்தக் கௌசிகாவுக்கு டி.சி.தான்!"

மற்ற பிள்ளைகள் வேலையைப் போட்டுவிட்டுப் போனையே பார்த்தார்கள். கௌசிகா மட்டும் அறுப்பதை நிறுத்தவில்லை.

சிவசைலம் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குருவிடம் வந்தார்.

"அம்மா, என்ன சொல்லட்டும்? பிடுங்கிருதோம்னு சொல்லவா?"

செண்பகவல்லி தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நாங்க பிடுங்க மாட்டோம்னு சொல்லுங்க. வேணும்னா அவரே பிடுங்கிக்கிடட்டும்."

"கோவக்காரரும்மா. வந்துருவாரு."

"வரட்டும் சார். ஆனா வந்தா, மொதல்ல கதவைத் தட்டச் சொல்லுங்க. உள்ள ஒரு பிள்ளை தாழ்ப்பாள் போட்டிருக்கும். 'இருங்க சார்'னு அது சொன்னா, அவரு வெளிய நின்னு காத்துக்கிடட்டும்."

"அக்கா! ரம்பம் சிக்கிக்கிட்டு! ஓடி வாங்க!" என்று கூப்பிட்டாள் கௌசிகா.